ஏற்காடு வரை போன வெளிநாட்டுப் பயணம்

வெளிநாடு போவதற்காக வீட்டை விட்டுக் கிளம்பி, ஏற்காடு வரை போய்த் திரும்பி வந்தவன் நான். வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாரும் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். என்னோடு சைக்கிள் பந்தயத்தில் ஓட்டிய கோயம்புத்தூர்க்காரர்கூட ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிவிட்டார். விமானத்தில் கொடுத்த வெண்ணெய், தானாக ஏறும் படிக்கட்டு, குளிரில் உதடு வெடித்தது, எல்லாம் வந்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். விமானத்தில் அவர் உட்கார்ந்து போன இடம் என்னுடையது என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதை நான் எழுதுகிறேன்.

எனக்கு இடது கால் கிடையாது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சிறு வயதில் நடவுக்குச் சேறடித்துக்கொண்டிருந்த டிராக்டரின் இரும்புச் சக்கரம் அதைத் தொடையோடு வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த ஒற்றைக் காலை வைத்துச் சைக்கிள் ஓட்டப் பழகினேன். ஒற்றைக் காலால் மிதித்தால் மட்டும் போதாது, மிதித்த பெடலைத் திரும்ப மேலே இழுக்கவும் வேண்டும். அதற்காகச் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி ஒரு தோல் வார் தைத்துப் பாதத்தைப் பெடலோடு கட்டிக்கொள்வேன். பந்தயத்தில் கட்டைக்காலைக் கழற்றி வைத்துவிடுவேன். அது சும்மா தொங்கும் பாரம்.

கோயில் திருவிழாவில் நடந்த சைக்கிள் பந்தயம்தான் முதல் பந்தயம். இரண்டு கால் உள்ளவர்களோடு ஓட்டி இரண்டாவதாக வந்தேன். விழாக் குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்றாவதாக வந்தவனுக்கு இரண்டாம் பரிசைக் கொடுத்துவிட்டு, என்னை மேடையில் தூக்கி நிறுத்தி, 'சிறப்புப் பரிசு' என்று ஒரு குத்துவிளக்கைக் கையில் திணித்தார்கள். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது. அதன் பிறகு தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று எத்தனையோ பந்தயம் ஓட்டினேன். எங்கள் வீட்டுப் பரண் முழுக்கக் கேடயம் இருக்கிறது. எதிலாவது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. 'சிறப்பு', 'ஊக்கம்', 'ஆறுதல்' என்றுதான் இருக்கும். பதினைந்து கிலோமீட்டர் நாய் மாதிரி நாக்குத் தள்ள ஓட்டியவனுக்கு யாருடைய ஆறுதல் வேண்டும்?

எண்பதுகளின் பிற்பாதியில், சென்னையில் ஊனமுற்றோர் விளையாட்டுக்கென்று இருந்த ஒரு சங்கத்திலிருந்து தகவல் வந்தது. வெளிநாட்டில் ஊனமுற்றவர்களுக்குச் சைக்கிள் பந்தயம் நடக்கிறது, ஒரே ஒருவரை அனுப்பலாம், பந்தயம் நடக்கிற ஊர் மலையூர் என்பதால் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் ஓட்டிக் காட்டுகிறவருக்குத்தான் இடம் என்றார்கள். நான் அதுவரை மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் ஆற்றங்கரைதான் மேடு. நெல் மூட்டையைக் கேரியரில் கட்டி, அதன் மேல் என் அக்காள் புருஷனை உட்கார வைத்து, பிரேக்கைப் பாதி பிடித்தபடி அந்தக் கரையிலேயே ஏறி இறங்கிப் பழகினேன். ஊர் சிரித்தது. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை, மூட்டை மேல் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அந்த அத்தான் கோவிந்தராசுதான் என்னோடு கிளம்பினார். சைக்கிளைப் பார்த்துக்கொள்வதும் கட்டைக்காலைச் சாக்குப்பையில் போட்டு முடிவிடத்துக்குக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு.

திருச்சியிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில் சைக்கிளைக் கூரையில் போட்டோம். அதன் மேல் யாரோ வாழைத்தார்களை அடுக்கிவிட்டார்கள். சேலத்தில் இறக்கிப் பார்த்தால் ஹேண்டில்பார் திருகிக்கொண்டு நிற்கிறது. கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாக, "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கடையில குடுத்தா நிமுத்தித் தருவாங்க, நாங் கூட வாரனுங்க" என்று கூடவே வந்து நின்றார். எங்கள் பக்கத்துக் கண்டக்டராக இருந்தால், "சைக்கிள யாரு ஏத்தச் சொன்னது?" என்று எகிறியிருப்பார், நானும் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். இந்த ஊரில் எல்லாவற்றிலும் ஒரு 'ங்க' போட்டுவிடுகிறார்கள், கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஹேண்டில்பார் நிமிரும் வரை கடை வாசலில் தட்டுவடை தின்றோம். இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்துக் காரச் சட்னி தடவித் தருகிறார்கள். மன்னார்குடியில் இது கிடைக்காமல் போனதற்கு வருத்தப்படலாம்.

ஏற்காட்டுக்கு ஏற இரண்டு பாதை. பெரிய பாதையில் பஸ்ஸை நிறுத்த முடியாது என்று குப்பனூர் பாதையைப் பிடித்திருந்தார் சங்கச் செயலாளர். குப்பனூர் அடிவாரத்துக் கிராமம். அங்கே ஒரு பள்ளிக்கூட அறையில் எங்களைத் தங்க வைத்தார்கள். போட்டிக்கு வந்தவர்கள் மூன்றே பேர். கோயம்புத்தூர்க்காரருக்கு இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பியிருந்தது. பெங்களூர்க்காரருக்கு ஒரு பாதம் இல்லை. எனக்குக் காலே இல்லை. மூன்று பேரும் ஒரே பந்தயம். பள்ளிக்கூடத்தில் வயது பார்த்து வகுப்புப் பிரிப்பார்கள், சங்கத்துக்கு ஊனம் என்றால் எல்லாம் ஒரே வகுப்பு.

செயலாளர் வெள்ளைத் தொப்பி போட்ட பெரிய மனிதர். "கிளம்புறப்போ ஒருத்தர் பிடிச்சுக்கலாம். அதுக்கப்புறம் யார் கையும் படக் கூடாது. பட்டா அவுட். புரியுதா?" என்று மூன்று முறை சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மேல் யார் கையும் படக் கூடாது என்று சட்டம் போட்ட முதல் மனிதர் அவர்தான்.

மறுநாள் விடிந்ததும் ஒரு சிக்கல். செயலாளரின் ஜீப்பில் அத்தானுக்கு இடமில்லை. அவர் கால் மூட்டையோடு சேலத்துக்குத் திரும்பிப் போய், பெரிய பாதை வழியாக ஏற்காடு போகும் பஸ்ஸைப் பிடிப்பதாக ஏற்பாடு. "கவலப்படாத மாப்ளே, நீ வர்றப்ப ஏரிக்கரையில காலோட நிக்கிறேன்" என்று போனார். நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் காப்பி கேட்டேன். மலை முழுக்கக் காப்பி விளைகிற ஊராயிற்றே என்ற ஆசை. வெல்லம் போட்ட வரக்காப்பியை ஒரு லோட்டாவில் கொடுத்தார்கள். விளைச்சலில் நல்லதெல்லாம் வெளியூருக்குப் போய்விடும் போலிருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு காப்பிச் செடி கிடையாது, ஆனால் காப்பியை அங்கேதான் குடிக்க வேண்டும்.

விசில் ஊதினார்கள். முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது, ஆற்றங்கரை வேறு, மலை வேறு. ஆற்றங்கரைக்கு ஒரு முடிவு உண்டு. இங்கே ஒரு வளைவில் ஏறி மூச்சு விடலாம் என்று பார்த்தால் தலைக்கு மேலே அடுத்த சாலை தெரிகிறது. ஆனால் அத்தானின் எடை வீண்போகவில்லை. பெங்களூர்க்காரர் சீக்கிரமே பின்தங்கினார். கோயம்புத்தூர்க்காரர் கொஞ்ச தூரம் என் பின்சக்கரத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு அவர் மூச்சும் கேட்கவில்லை. காப்பித் தோட்டங்கள் தொடங்கின. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. என் பின்னால் வந்தது செயலாளரின் ஜீப் மட்டும்தான். ஒரு பந்தயத்தில் எனக்கு முன்னால் யாருமே இல்லாமல் நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தினேன்.

கொட்டச்சேடு என்கிற ஊருக்குக் கீழே ஒரு மோசமான வளைவு. அங்கே ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர், தோட்டத்துக்குப் போகிறவர்கள், மண்வெட்டியும் கூடையுமாக நடந்துகொண்டிருந்தார்கள். நான் உடம்பை முறுக்கி முறுக்கி மிதித்து ஏறுவதை ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"அட, ஒத்தக் காலுல ஏறறாருங்க! வாங்க, வாங்க, கை போடுங்க!" என்று மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வந்தார். கேரியரில் ஒரு கை, முதுகில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை.

"தொடாதீங்க! தொடாதீங்க!" என்று அலறினேன்.

"கூச்சப்படாதீங்க சாமி. இதெல்லாம் எங்களுக்கு ஒரு வேலைங்களா?" என்று என் காதருகில் ஒரு பெண் குரல்.

நான் கத்தக் கத்த அவர்கள் இன்னும் பலமாகத் தள்ளினார்கள். பிரேக்கைப் பிடித்திருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். பாதம் பெடலோடு கட்டியிருக்கிறது. நின்றால் கால் இல்லாத பக்கம்தான் சாய்வேன். அந்தப் பக்கம் பள்ளம். என் வாழ்நாளில் மேட்டில் நான் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. வளைவின் உச்சியில் விட்டுவிட்டு, "போய்ட்டு வாங்க சாமி!" என்று எல்லாரும் கையாட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். ஜீப்பிலிருந்து வெள்ளைத் தொப்பி வெளியே எட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் ஓட்டினேன். எதற்கு ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். ஏற்காடு ஏரிக்கரைக்கு முதலில் வந்து சேர்ந்தவன் நான்தான். கூட்டம் கைதட்டியது. இறங்க வேண்டும், கால் இல்லை. அத்தான் ஏரிக்கரையில் இருந்தார், கால்தான் இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டாதவருக்கு வளைவுக்கு வளைவு குடலைப் பிடுங்கியிருக்கிறது. பஸ் ஏற்காட்டில் நின்றதும் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடியிருக்கிறார். சீட்டுக்கு அடியிலிருந்த சாக்குப்பை அதே பஸ்ஸில் நாகலூருக்குப் போய்விட்டது. கையில் பிழிந்த எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, "மாப்ளே, என்ன அடிச்சுப்புடு" என்றார். அவரை அடிக்க முதலில் நான் சைக்கிளை விட வேண்டும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றபடியேதான் தீர்ப்பைக் கேட்டேன்.

"ரூல்னா ரூல்தான்ப்பா. நீ அவுட்" என்றார் செயலாளர்.

"நான் தொடாதீங்கன்னு கத்துனேன் சார். நீங்களே கேட்டிருப்பீங்க."

"ஜீப் சத்தத்துல எனக்கு எங்க கேட்டது? தள்ளினதைப் பார்த்தேன்." கொஞ்சம் யோசித்தார். மோசமான மனிதர் இல்லை. "ஒண்ணு செய். தள்ளினவங்க வந்து, 'இவர் வேணாம்னுதான் சொன்னார், நாங்கதான் கேக்காம தள்ளினோம்'னு சொல்லட்டும். நீ தனியா இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

சாயங்காலம் நாகலூர் பஸ் திரும்பி வந்தது. கண்டக்டர் கட்டைக்காலை ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தார். "நாகலூர்ல எல்லாரும் எறங்கீட்டாங்க, இது மட்டும் எறங்க மாட்டேன்னு உக்காந்திருச்சுங்க" என்று சிரித்தார். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை ஒரு எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கொட்டச்சேடு போனேன். மண்வெட்டியை எறிந்தவர் பெயர் பொன்னன். காதருகில் பேசியவர் அவர் மனைவி ராமாயி. நான் இறங்கியதும் ஊரே திரண்டுவிட்டது. ராமாயி என்னை உட்கார வைத்துச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். சாமை உதிரி உதிரியாக இருக்கிறது, நாங்கள் சாப்பிடும் பொன்னியைப் போல வழுக்கிக்கொண்டு போகவில்லை, மென்று தின்ன வேண்டும். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பந்தயத்தைத் தொலைத்தவனுக்கும் பசிக்கிறது.

"எதுக்குங்க என்னத் தள்ளுனீங்க?" என்று கேட்டேன். பொன்னனுக்குக் கேள்வியே புரியவில்லை.

"ஏத்தத்துல ஒருத்தரு பாரத்தத் தள்ளீட்டுப் போறப்ப, பின்னால வாரவங்க கை போடோணுமுங்க. பலாக்காய் மூட்டையோ, காப்பி மூட்டையோ, எதுவா இருந்தாலுஞ் சரி. கை போடாமத் தாண்டிப் போனா அந்த ஆளு ஊட்டுல நாங்க தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டமுங்க. சண்டைக்காரனா இருந்தாக்கூடக் கை போட்டுட்டு, மேல போயித்தாஞ் சண்ட போடுவமுங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எரிந்துகொண்டு வந்தது. பந்தயம் என்றால் என்ன, யார் கையும் படக் கூடாது என்றால் என்ன, கை பட்டதால் நான் வெளிநாடு போக முடியாமல் நிற்கிறேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ராமாயியின் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ சாமி, நாங்க நல்லதுன்னு நெனச்சமுங்களே" என்று வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"நடந்தத நடந்தபடி வந்து சொல்லுங்க. நான் வேணாம்னு கத்துனேன், நீங்கதான் கேக்கலன்னு சொன்னாப் போதும்."

"அதுக்கென்னங்க, இப்பவே வாரமுங்க" என்று பொன்னன் துண்டை உதறித் தோளில் போட்டார். நாலு பேர் கிளம்பினார்கள். போகிற வழியெல்லாம் ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நான் முன்னால் உட்கார்ந்து, எந்த வளைவை எப்படி ஏறுவது என்று மனத்துக்குள் இரண்டாம் முறை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காதைக் கொடுத்திருக்க வேண்டும்.

விருந்தினர் விடுதி வராந்தாவில் செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரரும் பக்கத்தில் இருந்தார்.

"நேத்து இவரைத் தள்ளினது நீங்கதானா?"

பொன்னன் கைகட்டி நின்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். பயப்படாதே என்பது மாதிரி ஒரு பார்வை.

"இல்லீங்க. நாங்க அவரத் தொடவே இல்லீங்க" என்றார்.

நான் சொல்லச் சொன்னது இதுவல்ல.

"அவரேதானுங்க ஏறுனாரு. நொம்ப வேகமா ஏறுனாருங்க. சாமி சத்தியமா நாங்க கைகூட நீட்டலீங்க" என்றார் ராமாயி. பின்னால் நின்ற ஒருவர், "நாங்க அப்ப ஊட்டுலதானுங்க இருந்தோம்" என்று அதற்கு மேலும் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

"ஐயோ, நடந்தத சொல்லுங்க!" என்று நான் குறுக்கே விழுந்தேன். பொன்னன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே அடக்கினார். "அவரு நொம்ப நல்லவருங்க, தானா ஏறுனதக்கூட எங்களாலன்னு சொல்றாரு பாருங்க. ஆனாத் தள்ளலீங்க" என்றார்.

செயலாளர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "என் கண்ணால பார்த்ததையே இல்லைங்கறாங்க. இவங்களுக்கு என்ன குடுத்துக் கூட்டிட்டு வந்தே?" என்று என்னிடம் கேட்டார்.

நான் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு எடுபடவில்லை. முதல் நாள் தள்ளியது ரோட்டில். இரண்டாம் நாள் தள்ளியது வராந்தாவில். இரண்டும் சுத்தமான அன்பு. கோயம்புத்தூர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், அவர் பேசவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

கிளம்பும்போது செயலாளர் மனசு கேட்காமல் ஒரு கோப்பையைக் கொடுத்தார். 'ஊக்கப் பரிசு' என்று எழுதியிருந்தது. மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அத்தான் பின்னால் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்காள் இன்றைக்கும் அதில்தான் அரிசி அளக்கிறாள்.

பஸ் நிறுத்தம் வரை கொட்டச்சேட்டுக்காரர்களும் கூடவே வந்தார்கள். பொன்னன் என் சைக்கிளைத் தானே தூக்கிக் கூரையில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பறம் சீமைக்கு எப்பங்க போறீங்க?"

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது. "எங்க போறது? எல்லாம் போச்சு. நீங்க தொட்டதாலதான் போச்சு. பொய் சொன்னதால இன்னும் நல்லாப் போச்சு. உங்கள யாரு கை போடச் சொன்னா? இனிமே நான் இந்த ரோட்டுல செத்துக் கெடந்தாலும் தொடாதீங்க. புரியுதா? செத்துக் கெடந்தாலும்!"

பஸ் நிறுத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, மடக்கிக்கொள்ளத் தெரியாமல். ராமாயி மெதுவாக, "தொட்டா உங்களுக்கு எல்லாமே போயிருமுங்களா சாமி?" என்று கேட்டார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். அத்தான் வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. வாந்தி எடுக்காமல் வந்தார். அதிலாவது ஒரு முன்னேற்றம்.

கோயம்புத்தூர்க்காரர் வெளிநாடு போய் வந்தார். கட்டுரை எழுதினார்.

அடுத்த வருஷம் இன்னொரு வெளிநாட்டுப் பந்தயம் வந்தது. அதே சங்கம், அதே தொப்பி, அதே குப்பனூர் பாதை, ஓட்டுகிறவர்களும் அதே மூன்று பேர். நான் போக வேண்டாம் என்று அக்காள் சொன்னாள். போனேன். ஆற்றங்கரையில் ஒரு வருஷம் இன்னும் பெரிய மூட்டையை இழுத்திருந்தேன். அத்தான் எலுமிச்சம்பழத்தோடும் கால் மூட்டையோடும் முன்னாலேயே பஸ் ஏறிவிட்டார்.

அன்றைக்கு மலையில் மூடுபனி. ரோடு நனைந்து கிடந்தது. ஆனாலும் இந்த முறையும் நான்தான் முன்னால். கொட்டச்சேட்டு வளைவு வந்தபோது, பனிக்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. நான் வருவது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, 'தொடாதீங்க' என்று கத்த வாயைத் திறந்தேன். கிட்டே போனதும்தான் பார்த்தேன். அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். பொன்னன் கையில் ஒரு குச்சியோடு நடுவில் நடந்துகொண்டிருந்தார்.

"யாரும் கை போடாதீங்க! போட்டா அவருக்குப் போயிரும்! தள்ளி நில்லுங்க!"

அவரைப் பார்த்துக்கொண்டே வளைவைத் திருப்பினேன். ரோட்டில் சில்வர் ஓக் இலைகள் நனைந்து மெத்தையாகக் கிடந்தன. பின்சக்கரம் வழுக்கியது. கால் இல்லாத பக்கம் அப்படியே சாய்ந்தேன். இடுப்பு ரோட்டில் மோதியது. சைக்கிள் மேலே விழுந்தது. பாதம் வாரில் மாட்டிக்கொண்டு திருகியது. வலியில் கண் இருட்டியது.

என் கை தானாக நீண்டது. நான் நீட்டவில்லை, அதுவாக நீண்டது.

யாரும் பிடிக்கவில்லை.

ராமாயி எனக்கு ஒரு முழ தூரத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிச் செருகிக்கொண்டிருந்தார். கண்ணீர் தாரை தாரையாக வடிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. "தொடக் கூடாதுங்களே சாமி. தொட்டாப் போயிருமுங்களே. எந்திரிங்க கண்ணு. நீங்களே எந்திரிங்க" என்று கெஞ்சினார். யாரோ ஒருவர் தாங்க முடியாமல் என் பக்கம் குனிந்தார். பொன்னன் அவரைக் குச்சியால் ஓங்கி அடித்தார். அடித்துவிட்டு அவரும் அழுதார்.

நான் கேட்டதுதான். வாயைத் திறந்து கேட்டு வாங்கியது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

வாரை அவிழ்த்துப் பாதத்தை எடுத்தேன். சைக்கிளை நிமிர்த்தி அதையே பிடித்துக்கொண்டு எழுந்தேன். கழன்ற செயினை மாட்டினேன். மேட்டில் ஒற்றைக் காலோடு நின்ற இடத்திலிருந்து ஏற முடியாது, சாய்ந்து நிற்க ஏதாவது வேண்டும். ரோட்டோரத்துத் தடுப்புச் சுவர் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டினேன். அவர்களும் இரண்டு பக்கமும் கையைக் கட்டியபடி கூடவே நடந்தார்கள். நான் ஒரு தடவை தடுமாறியபோது அத்தனை பேரும் சேர்ந்து மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அதற்குள் கோயம்புத்தூர்க்காரர் தாண்டிப் போனார். பெங்களூர்க்காரரும் போனார். சுவரில் சாய்ந்து ஏறி, வாரைக் கட்டிக்கொண்டு மிதித்தேன்.

ஏரிக்கரையில் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. பெங்களூர்க்காரர் மாலையோடு நின்றார், அந்த வருஷம் இடம் அவருக்கு. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் இடுப்பிலிருந்து வழிந்த ரத்தத்தையும் பார்த்தார். அவர் கண்ணில் அந்தச் 'சிறப்பு' ஏறுவது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கப் போனார்.

"எத்தனாவது சார்?" என்று முந்திக்கொண்டு கேட்டேன்.

"மூணாவது" என்றார்.

மூன்று பேரில் மூன்றாவது. பரிசு எதுவும் கிடையாது. அத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒருவர் சொன்ன முதல் எண் அது. வெளிநாடு இன்றுவரை போகவில்லை. இனிப் போகவும் மாட்டேன்.

அத்தானைக் காணோம். இந்த முறை பஸ்ஸே வழியில் நின்றுவிட்டதாம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். அப்போது எஸ்டேட் ஜீப் ஒன்று வந்து நின்றது. பின்னாலிருந்து பொன்னனும் ராமாயியும் இறங்கினார்கள். கிட்டே வந்து, ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டார்கள். கை இன்னும் அக்குளில்தான் இருந்தது.

"முடிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டார் ராமாயி.

"முடிஞ்சிருச்சுங்க."

"அப்ப இனித் தொடலாங்களா சாமி?"

நான் தலையாட்டினேன். அத்தான் கால் மூட்டையோடு வந்து சேரும் வரைக்கும் அவர்கள் இரண்டு பேர் தோளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.